223 இடங்கள் வென்றும் ஆட்சியை இழந்த கட்சி: ஜப்பானின் 38 ஆண்டு ஆதிக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

1993 ஜூலை 18 அன்று ஜப்பான் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 511 இடங்கள். 1955 முதல் தொடர்ந்து ஆண்டுவந்த லிபரல் ஜனநாயகக் கட்சி 223 இடங்களில் வென்றது. அவை கலைக்கப்பட்ட நேரத்தில் அதன் கையில் இருந்தவை 222. வாக்காளர்கள் அந்தக் கட்சியிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, ஓர் இடம் கூடுதலாகவே கொடுத்தார்கள். இரண்டாவதாக வந்த சோஷலிஸ்ட் கட்சி 136 இடங்களிலிருந்து 70-க்குச் சரிந்தது. ஆனாலும் மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 9 அன்று, மொரிஹிரோ ஹொசோகாவா தலைமையில் எதிர்க்கட்சிகளின் கூட்டணி அமைச்சரவை பதவியேற்றது. 38 ஆண்டுகளில் முதல் முறையாக லிபரல் ஜனநாயகக் கட்சி எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தது.

நெடுங்காலம் ஆண்ட கட்சி வீழ்ந்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஊழல் பெருகியது, மக்கள் பொங்கினார்கள், தேர்தலில் தூக்கியெறிந்தார்கள். ஜப்பானில் முதல் இரண்டும் இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டுதான் இருந்தன. மூன்றாவது 1993-இலும் நடக்கவில்லை. அப்படியானால் ஆட்சி எப்படிப் போனது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஆதிக்கக் கட்சிகள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்ற பெரிய கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆதிக்கக் கட்சி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அறிய, வாக்காளரின் கோபத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தக் கட்சிக்குள்ளேயே பதவிக் கனவோடு இருப்பவர், கட்சியைவிட்டு வெளியே போனால் எதை இழப்பார் என்பதே அது. இழப்பு பெரிதாக இருக்கும்வரை கட்சி எவ்வளவு அவப்பெயரையும் தாங்கும். அது சிறுத்துவிட்டால், வாக்காளர் தூக்கியெறியாமலேயே ஆட்சி போய்விடும்.

ஆதிக்கக் கட்சி என்று இங்கே சொல்வது, தேர்தல் ஒழுங்காக நடக்கிற, எதிர்க்கட்சிகள் சுதந்திரமாக இயங்குகிற நாட்டில் பல பத்தாண்டுகள் ஆளும் கட்சியை. தேர்தலை அரசே கையில் வைத்திருந்த மெக்சிகோவின் நிறுவனப் புரட்சிக் கட்சி போன்றவற்றை இந்தக் கணக்கில் முழுதாகச் சேர்க்க முடியாது. அங்கே 1990-களில்தான் தேர்தல் ஆணையம் அரசின் பிடியிலிருந்து விடுபட்டது. 2000-இல் ஆட்சி மாறியது.

1955: பயத்தில் பிறந்த கூட்டு

1955 அக்டோபரில், இரண்டாகப் பிரிந்து கிடந்த ஜப்பான் சோஷலிஸ்டுகள் மீண்டும் ஒன்றானார்கள். பெருவணிகர்கள் அதிர்ந்துபோனார்கள். ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருந்த இரண்டு வலதுசாரிக் கட்சிகளான லிபரல் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் இணைந்தே தீர வேண்டும் என்று நெருக்கினார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 15 அன்று, இணைப்பு நடந்தது. கொள்கை ஒற்றுமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்ற ஒற்றைப் பயம்தான் அவர்களைப் பிணைத்தது. பனிப்போர்க் காலம் அது. அமெரிக்க உளவு அமைப்பு அந்த ஆண்டுகளில் ஜப்பானிய வலதுசாரித் தலைவர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததை அமெரிக்க வெளியுறவுத் துறையே 2006-இல் வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் ஒப்புக்கொண்டது.

இந்தப் பிறப்பைக் கவனத்தில் வைக்க வேண்டும். வெளியே ஒரு பெரிய எதிரி இருக்கிறான், நாம் உடைந்தால் அவன் வந்துவிடுவான் என்ற எண்ணமே உள்ளிருப்பவரைப் பூட்டிவைத்த முதல் பூட்டு.

இரண்டாவது பூட்டைப் போட்டது பொருளாதாரம். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960-இல் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்க, பிரதமர் நொபுசுகே கிஷி பதவி விலகினார். அடுத்து வந்த ஹயாதோ இகெதா, ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பத்தாண்டில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்றார். குறித்த காலத்துக்கு முன்பே இலக்கு எட்டப்பட்டது. போராட்டக் களத்திலிருந்த நாட்டின் பேச்சை ஒரே ஆண்டில் வருமானத்தின் பக்கம் திருப்பியது அரசியல் சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், இதற்கு ஆட்சி மாற்றம் தேவைப்படவில்லை என்பது. கட்சிக்குள் ஒரு கோஷ்டித் தலைவர் போய் இன்னொரு கோஷ்டித் தலைவர் வந்தார், அவ்வளவுதான். 1974-இல் பண விவகாரத்தில் ககுவே தனாகா பதவி விலகியபோதும் இதேதான் நடந்தது. ‘தூய்மையானவர்’ என்று பெயரெடுத்த தகெயோ மிகியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆட்சி மாறியதுபோல ஓர் உணர்வு மக்களுக்கு வந்தது, கட்சி மட்டும் மாறவில்லை.

எதிர்க்கட்சியின் சரக்கைத் தன் கடையில் வைத்து விற்பதிலும் இந்தக் கட்சி தயங்கவில்லை. 1960-களின் இறுதியில் தொழிற்சாலைக் கழிவால் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பெருநகரங்களில் இடதுசாரி ஆதரவு பெற்றவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். டோக்கியோவிலேயே 1967 முதல் 1979 வரை ரியோகிச்சி மினோபே ஆளுநராக இருந்தார். லிபரல் ஜனநாயகக் கட்சி என்ன செய்தது? 1970-இல் ஒரே கூட்டத்தொடரில் மாசுக் கட்டுப்பாடு தொடர்பாக 14 சட்டங்களை நிறைவேற்றியது. 1973-இல் முதியோருக்கு இலவச மருத்துவம் தந்தது. இரண்டுமே எதிரணி எழுப்பிய கோரிக்கைகள். அவற்றை நிறைவேற்றிக் கொடுத்ததும் எதிரணிக்குப் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

எதிரணியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1958 தேர்தலில் சோஷலிஸ்டுகள், மொத்தமுள்ள 467 இடங்களில் பாதியைக் கொஞ்சம் தாண்டும் எண்ணிக்கையில் வேட்பாளர்களை நிறுத்தினார்கள். அதன் பிறகு எந்தத் தேர்தலிலும் பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையில் அவர்கள் ஆளை நிறுத்தவே இல்லை. 1990-இல் 512 இடங்களுக்கு நிறுத்தியது ஏறத்தாழ 150 பேரைத்தான். நிறுத்திய எல்லோரும் வென்றாலும் ஆட்சி அமைக்க முடியாது. ஆளத் தயாராக இல்லாத ஒரு கட்சி இரண்டாம் இடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதைப் போல ஆளுங்கட்சிக்கு வசதியானது வேறில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவும் அது விடுவதில்லை.

ஒரே தொகுதி, ஒரே கட்சி, மூன்று வேட்பாளர்

இனி வருவது இந்த ஆய்வின் மையம் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1993 வரை ஜப்பானில் ஒரு தொகுதிக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளருக்கு ஒரே வாக்கு, அதுவும் ஒரு வேட்பாளரின் பெயருக்கு. அதிக வாக்கு பெற்ற முதல் மூவரோ ஐவரோ வெற்றி பெறுவார்கள். ஆட்சியமைக்க விரும்பும் கட்சி ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு மூன்று பேரை நிறுத்தியாக வேண்டும். அந்த மூவரும் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும்.

ஒரு கற்பனைத் தொகுதியை வைத்துக் கணக்குப் போடுவோம். ஐந்து இடங்கள், ஐந்து லட்சம் வாக்குகள். சோஷலிஸ்ட் ஒருவர் 1,20,000. புத்த அமைப்பொன்றின் பின்புலம் கொண்ட கோமெய்தோ கட்சிக்காரர் 75,000. கம்யூனிஸ்ட் 65,000. மீதி 2,40,000 வாக்குகள் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு, அதாவது 48 சதவீதம். மூன்று வேட்பாளர்களும் ஆளுக்கு 80,000 என்று சமமாகப் பிரித்துக்கொண்டால் மூவரும் வெற்றி. ஐந்தில் மூன்று இடம். அவர்களில் ஒருவர் நட்சத்திரமாகி 1,40,000 வாக்குகளை அள்ளிக்கொண்டு மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 50,000 விட்டுவைத்தால், அந்த இருவரில் ஒருவர் தோற்பார். ஆசைப்பட்டு நான்கு பேரை நிறுத்தி, ஆளுக்கு 60,000 என்று சிதறினால், மற்ற மூன்று கட்சிக்காரர்களும் முன்னே போய்விடுவார்கள். கிடைப்பது இரண்டே இடம். அதே 48 சதவீதம்தான். எத்தனை பேரை நிறுத்துவது, வாக்கை எப்படிப் பங்கிடுவது என்பதில் முடிவு அடியோடு மாறிவிடுகிறது.

சமமாகப் பங்கிடுவது எப்படி? மூவருக்கும் ஒரே கட்சி, ஒரே தேர்தல் அறிக்கை. கொள்கையைச் சொல்லி வேறுபட முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் ஆதரவாளர் மன்றம் வைத்துக்கொண்டார். ஜப்பானியர் அதைக் கோயென்காய் என்பார்கள். திருமணத்துக்கும் இழவுக்கும் மொய் அனுப்புவது, வெந்நீர் ஊற்று விடுதிகளுக்குச் சுற்றுலா கூட்டிப்போவது, வேலைக்குச் சிபாரிசு செய்வது, ஊருக்குச் சாலையும் பாலமும் கொண்டுவருவது எல்லாம் அந்த மன்றத்தின் வேலை. கட்சிக்கு இதில் பங்கு குறைவு. செலவு முழுதும் வேட்பாளருடையது.

அந்தப் பணத்தைத் தந்தவர்கள் கோஷ்டித் தலைவர்கள். பிரதமர் பதவிக்குப் போட்டியிட அவர்களுக்குத் தலைகள் வேண்டும், இளம் வேட்பாளருக்குப் பணமும் கட்சிச் சீட்டும் பிறகு ஓர் அமைச்சர் பதவியும் வேண்டும். கொடுக்கல் வாங்கல் சுத்தமாகப் பொருந்தியது. கோஷ்டிகள் இருப்பதால் கட்சி பலவீனமாக இருந்தது என்று எழுதுவது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. தோற்ற கோஷ்டிக்கும் அடுத்த முறை வாய்ப்பு உண்டு என்ற உறுதியைக் கொடுத்து, யாரும் வெளியேறாமல் கட்சியைக் காத்தது கோஷ்டி முறைதான். ஒருவர் கட்சியைவிட்டுப் போனால் பணம் நிற்கும், அமைச்சர் பதவிக்கான வரிசையில் பிடித்திருந்த இடம் போகும், ஊருக்கு வரவேண்டிய பாலம் பக்கத்து ஊருக்குப் போகும்.

தொகுதி எல்லைகளும் கைகொடுத்தன. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருந்தார்கள், இடங்களின் எண்ணிக்கையோ அதற்கேற்ப மாற்றப்படவில்லை. 1972 தேர்தலில் ஒரு கிராமப்புற வாக்கு நகர்ப்புற வாக்கைப்போல அதிகபட்சமாக ஏறக்குறைய ஐந்து மடங்கு மதிப்புப் பெற்றிருந்தது. இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் தேர்தலை ரத்து செய்யவில்லை. நெல்லுக்கு அரசு விலை ஆதரவு, வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள், கிராம வாக்கு என்ற மூன்றும் சேர்ந்து ஆளுங்கட்சிக்கு அசைக்க முடியாத அடித்தளமாயின.

நீகாட்டாவின் தனாகா

இந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பதை ஒரே ஆளிடம் கிட்டத்தில் பார்க்கலாம். ககுவே தனாகா, ஜப்பான் கடலோரத்து நீகாட்டா மாநிலத்துக்காரர். குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குப் பனி கொட்டி, கிராமங்கள் வாரக்கணக்கில் துண்டிக்கப்படும் பகுதி. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் சாகக் கொடுத்த ஊர்கள் அவை. பசிபிக் கரையோர நகரங்களுக்குப் போகும் பணத்தில் எங்களுக்குப் பங்கு எங்கே என்ற கேள்வியைத்தான் தனாகா அரசியலாக்கினார். எட்சுசன்காய் என்ற அவரது ஆதரவாளர் மன்றம் ஊர் ஊராக வேர்விட்டிருந்தது. ஊர்ப் பிரதிநிதிகள் மனுக்களோடு டோக்கியோவில் மெஜிரோ பகுதியிலிருந்த அவர் வீட்டுக்குப் போவார்கள், காலை நேரத்தில் ஒவ்வொரு குழுவாக உள்ளே அழைக்கப்படும், சில நிமிடங்களில் ஆகும் ஆகாது என்று பதில் கிடைக்கும். சுரங்கப்பாதைகள் வந்தன, சாலைகள் வந்தன, 1982-இல் டோக்கியோ வட்டாரத்தையும் நீகாட்டாவையும் இணைக்கும் அதிவேக ரயிலே வந்தது.

லாக்ஹீட் விமான நிறுவனத்திடம் 50 கோடி யென் லஞ்சம் வாங்கிய வழக்கில் தனாகா 1976 ஜூலையில் கைதானார். 1983 அக்டோபரில் நீதிமன்றம் நான்காண்டு சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் சுயேச்சையாக நின்று 2,20,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று முதலிடத்தில் வந்தார். கட்சியிலிருந்து முறைப்படி விலகியிருந்தும், நூறு பேருக்கு மேல் கொண்ட கோஷ்டி அவர் சொன்னபடி ஆடியது. அடுத்தடுத்த பிரதமர்களை முடிவு செய்தவர் அவரே.

நீகாட்டா வாக்காளர்களைக் குறை சொல்வது சுலபம், எனக்கு அதில் உடன்பாடில்லை. பனிக்குள் புதைந்து கிடந்த ஊருக்கு முதல் முறையாக ஒருவர் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார். அவரைத் தண்டித்தால் பாதை நின்றுபோகும், தண்டிக்காவிட்டால் நாட்டின் அரசியல் இன்னும் கெடும். இரண்டாவது தீமை எல்லோருக்கும் பொது, முதலாவது தங்களுக்கு மட்டும். அவர்கள் தேர்ந்தெடுத்ததில் கணக்குப் பிழை இல்லை. பிழை இருந்தது, ஒரு ஊருக்குச் சாலை வருவதையும் ஓர் ஆளின் செல்வாக்கையும் பிரிக்கவே முடியாதபடி கட்டிவைத்த ஏற்பாட்டில்.

அந்த ஏற்பாட்டுக்குத் தீனி பணம். பணத்தின் தேவை ஒவ்வொரு தேர்தலிலும் கூடியது. 1988-இல் ரெக்ரூட் நிறுவனம் தன் துணை நிறுவனத்தின் பங்குகளைச் சந்தைக்கு வருமுன்பே அரசியல்வாதிகளுக்குக் கொடுத்தது அம்பலமாகி, 1989-இல் நொபோரு தகெஷிதா பிரதமர் பதவியை இழந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் 3 சதவீத நுகர்வு வரியும் வந்தது. ஜூலையில் மேலவைத் தேர்தலில் கட்சி பெரும்பான்மையை இழந்தது. கோபத்தில் குறைவே இல்லை. ஆனால் 1990 பிப்ரவரியில் கீழவைத் தேர்தல் வந்தபோது கட்சி வசதியான பெரும்பான்மையோடு திரும்பிவிட்டது. வெறும் கோபம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1992–93: கோஷ்டி உடைந்த விதம்

கட்சியின் மிகப் பெரிய கோஷ்டி தனாகாவிடமிருந்து தகெஷிதாவுக்கு வந்தது. அதன் பின்னணியில் இருந்த பெருந்தலை ஷின் கனெமாரு. 1992-இல், சகாவா கியூபின் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடம் அவர் 50 கோடி யென் வாங்கியது வெளியே வந்தது. அவருக்குக் கிடைத்த தண்டனை 2 லட்சம் யென் அபராதம், விசாரணைக்குக்கூட அவரை அழைக்கவில்லை. நாடு கொதித்தது. அக்டோபரில் பதவி விலகினார். 1993 மார்ச்சில் வரி ஏய்ப்புக்காகக் கைதானபோது நடந்த சோதனைகளில் கடன் பத்திரங்களும் ரொக்கமும் தங்கக் கட்டிகளும் சிக்கின.

செய்தித்தாள்கள் தங்கக் கட்டிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன. ஆனால் ஆட்சியைக் கவிழ்த்த சங்கதி வேறிடத்தில் இருந்தது. கனெமாரு போனதும் அவர் கோஷ்டி யாருக்கு என்ற சண்டை வந்தது. கனெமாருவின் செல்லப்பிள்ளையான இச்சிரோ ஒசாவா, சுதோமு ஹாதாவை முன்னிறுத்தினார். தகெஷிதா பக்கம் கெய்சோ ஒபுச்சியை நிறுத்தியது. ஒசாவா தோற்றார். ஆதரவாளர்களைக் கூட்டிக்கொண்டு தனிக் கோஷ்டி கண்டார், அரசியல் சீர்திருத்தம் என்ற கொடியைத் தூக்கினார். அவரே கனெமாருவின் பண அரசியலில் வளர்ந்தவர் என்பதை யாரும் மறக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்ட சீர்திருத்தம் நியாயமானது. பல உறுப்பினர் தொகுதிகளை ஒழித்து ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் வர வேண்டும் என்றார். மனிதரின் நோக்கமும் அவர் முன்வைத்த யோசனையின் தகுதியும் வேறுவேறு, அரசியலில் இவை அடிக்கடி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலேயே இருக்கின்றன.

வெளியே போவதன் விலையும் இந்த நேரத்தில் வேகமாகச் சரிந்துகொண்டிருந்தது. சோவியத் ஒன்றியம் 1991-இல் இல்லாமல் போனது. ‘நாம் உடைந்தால் சோஷலிஸ்டுகள் வந்து நாட்டையே மாற்றிவிடுவார்கள்’ என்ற 1955-இன் பயத்துக்கு அர்த்தம் போய்விட்டது. பங்குச் சந்தைக் குமிழி வெடித்து, 1989 இறுதியில் 38,900 புள்ளிகளைத் தொட்ட நிக்கேய் குறியீடு சரிந்து கிடந்தது. பங்கிட்டுக் கொடுக்கப் பணம் முன்போல் இல்லை. கட்சிக்கு நன்கொடை திரட்டித் தந்த பெருவணிகர் கூட்டமைப்பான கெய்தான்ரெனுக்கும் சலிப்பு வந்துவிட்டது. 1993 செப்டம்பரில் அந்த வேலையையே நிறுத்திக்கொள்ள முடிவு செய்தது. 1992-இல் ஹொசோகாவா தொடங்கிய புதிய கட்சி, பழைய வலதுசாரி வாக்காளர் புதிய சின்னத்துக்கும் வாக்களிப்பார் என்று காட்டியிருந்தது.

பிரதமர் கீச்சி மியாசாவா, இந்தக் கூட்டத்தொடரிலேயே சீர்திருத்தம் செய்துமுடிப்பேன் என்று தொலைக்காட்சி நேர்காணலில் சொல்லிவிட்டார். கட்சியின் மூத்தவர்கள் விடவில்லை. 1993 ஜூன் 18 அன்று எதிர்க்கட்சிகளின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 255–220 என்று நிறைவேறியது. ஆளுங்கட்சியின் 39 பேர் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தார்கள். ஒசாவாவும் ஹாதாவும் வெளியேறிப் புதுக்கட்சி தொடங்கினார்கள், மசயோஷி தகெமுரா இன்னொரு கட்சி கண்டார். ஜூலைத் தேர்தலில் இந்த இரண்டும் ஹொசோகாவாவின் கட்சியும் சேர்ந்து 103 இடங்கள் பெற்றன. இழந்தவர்கள் சோஷலிஸ்டுகள். வலதுசாரி வாக்கு பெருமளவுக்கு வலதுசாரிப் பக்கமே தங்கியது, ஆனால் ஒரே கூரையின் கீழ் தங்கவில்லை. 223-க்கும் பெரும்பான்மைக்குத் தேவையான 256-க்கும் இடையிலிருந்த 33 இடங்களைவிட, விட்டுப்போனவர்கள் புதுக்கட்சிகளில் வென்றுவந்த இடங்கள் அதிகம்.

மற்ற நாடுகளில்

இந்தியத் தேசியக் காங்கிரசின் கணக்கு இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. 1967 மக்களவைத் தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தது 40.8 சதவீத வாக்கு, 520-இல் 283 இடம், ஆட்சி. 1989-இல் கிடைத்தது 39.5 சதவீத வாக்கு, 197 இடம், எதிர்வரிசை. ஒரு சதவீதச் சொச்ச வாக்கு வித்தியாசத்தில் 86 இடங்கள் போயின. 1989-இல் எதிரே நின்றவர், அதே கட்சியில் நிதியமைச்சராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்து வெளியேறிய வி.பி. சிங். அவர் தலைமையில் எதிர்க்கட்சிகள் பல தொகுதிகளில் ஒருவரை எதிர்த்து ஒருவர் என்று நிறுத்தின. 1977-இலும், தேர்தல் அறிவித்த பிறகு ஜகஜீவன்ராம் வெளியே வந்ததுதான் தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் துணிச்சல் தந்தது. நெருக்கடி நிலையின் மீதான கோபம் இல்லாமல் அந்தத் தோல்வி நடந்திருக்காது என்பதையும் மறுக்க மாட்டேன். அங்கே இரண்டும் சேர்ந்து வேலை செய்தன.

இஸ்ரேலில் 1949 முதல் தொடர்ந்து ஆட்சிக்குத் தலைமை தாங்கிய தொழிற்கட்சி அணி, 1977 மே மாதத்தில் 51 இடங்களிலிருந்து 32-க்கு விழுந்தது. எதிரணியான லிக்குட் 43 பெற்றது. 1973 போரின் அதிர்ச்சி, ஊழல் புகார்கள், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து குடியேறிய யூதர்கள் தங்களைத் தாழ்வாக நடத்தியவர்கள் மீது கொண்டிருந்த கசப்பு எல்லாம் காரணம். ஆனால் 15 இடங்களை அள்ளிக்கொண்டு போனது, அதுவரை தொழிற்கட்சிக்கே வாக்களித்து வந்த நடுத்தர வர்க்கத்தை இழுத்த ‘தாஷ்’ என்ற புதுக்கட்சி. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் 2019-இல் 57.5 சதவீதம் பெற்றது, 2024-இல் 40.2. 2024 தேர்தலில் 14.6 சதவீதத்தைப் பெற்ற புதுக்கட்சி, அதே கட்சியின் முன்னாள் தலைவரும் நாட்டின் முன்னாள் அதிபருமான ஜேக்கப் சூமாவுடையது. மின்வெட்டும் வேலையின்மையும் பல ஆண்டுகளாக இருந்தவைதான்.

என் வாதத்துக்கு இடறலாக நிற்பது சுவீடன். அங்கே சமூக ஜனநாயகக் கட்சி 1932 முதல் ஏறத்தாழ இடைவெளியின்றி 44 ஆண்டுகள் ஆண்டு, 1976-இல் தோற்றது. கட்சி உடையவில்லை. முந்தைய தேர்தலைவிட வாக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. எதிரே இருந்த மூன்று கட்சிகள் ஒன்றாக ஆளத் துணிந்தன, அவ்வளவே. உடையாமல் தோற்ற கட்சி 1982-இல் அப்படியே திரும்பி வந்தது. தோல்வியையும் வீழ்ச்சியையும் ஒன்றாக்கக் கூடாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எதிரணி ஒன்றுபட்டால் ஆதிக்கக் கட்சி தோற்கலாம், வீழ்வதற்கு அது உள்ளேயும் உடைய வேண்டியிருக்கிறது. இத்தாலியில் கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சி தோல்வி, வீழ்ச்சி இரண்டும் நேர்ந்து அழிந்தது. அதை எதிர்த்த கம்யூனிஸ்ட் கட்சி 1991-இல் தன்னைக் கலைத்துக்கொண்டதும் பயத்தின் பூட்டு கழன்றது. 1992 பிப்ரவரியில் மிலான் நகரில் தொடங்கிய ஊழல் வழக்குகள் மீதியைச் செய்தன. 1994 ஜனவரியில் அந்தக் கட்சியே இல்லாமல் போனது.

திரும்பி வந்த கதை

ஜப்பானில் எதிர்வரிசை வாசம் பதினொரு மாதம்கூட நீடிக்கவில்லை. புதிய கூட்டணி 1994 தொடக்கத்தில் தேர்தல் முறையை மாற்றியது: 300 ஒற்றை உறுப்பினர் தொகுதிகள், கட்சிகள் பெறும் வாக்கின் பங்குக்கேற்பப் பிரிக்கப்படும் 200 விகிதாசார இடங்கள், கட்சிகளுக்கு அரசு நிதி. அதோடு அதைச் சேர்த்துவைத்த காரணம் தீர்ந்துபோனது. ஒசாவா சோஷலிஸ்டுகளை ஒதுக்கிவிட்டு ஓர் அணி அமைக்கப் பார்த்தார். அவமானப்பட்ட சோஷலிஸ்டுகளிடம் லிபரல் ஜனநாயகக் கட்சி போய், பிரதமர் பதவியையே நீட்டியது. 1994 ஜூன் 30 அன்று சோஷலிஸ்ட் தலைவர் தோமிச்சி முராயாமா பிரதமரானார், நாற்பதாண்டு எதிரிகள் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள். ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அதுவரை சொல்லிவந்த சோஷலிஸ்ட் கட்சி, அதை ஏற்றுக்கொண்டது. 1996 தேர்தலில் பெயர் மாற்றி நின்ற அந்தக் கட்சிக்கு 15 இடங்கள். ஆட்சியில் பங்கு கொடுத்தே ஓர் எதிர்க்கட்சியை முடித்துவிட முடியும் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த நாட்டிலும் யாரும் செய்துகாட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

மாநில, நகர மன்றங்களிலும் அடித்தளம் அசையவில்லை. உள்ளாட்சிகள் மத்திய அரசின் மானியத்தை நம்பியிருந்ததால், உள்ளூர்த் தலைவர் எவரும் ஆளப்போகிற கட்சியைப் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. அந்த அடித்தளத்தைப் பின்னாளில் வெட்டியது கட்சியேதான். ‘கட்சியையே உடைப்பேன்’ என்று சொல்லி 2001-இல் பிரதமரான ஜுனிச்சிரோ கொய்சுமி பொதுப்பணிச் செலவைக் குறைத்தார். அஞ்சல் துறையைத் தனியார்மயமாக்குவதை எதிர்த்தவர்களைக் கட்சிச் சீட்டு மறுத்து வெளியே தள்ளினார். பரம்பரை அஞ்சல் அலுவலர்கள் பல தலைமுறையாகக் கட்சிக்கு வாக்குச் சேகரித்தவர்கள். உள்ளாட்சிகளை இணைத்ததில் 3,200-க்கு மேல் இருந்தவை 1,700 சொச்சமாகச் சுருங்கின. ஆயிரக்கணக்கான உள்ளூர்ப் பதவிகளோடு கட்சியின் தேர்தல் வேலைக்காரர்களும் போனார்கள். 2005-இல் 480-இல் 296 இடங்கள் என்ற பெருவெற்றி கிடைத்தது. 2009 ஆகஸ்டில் அதே கட்சிக்கு 119 இடங்கள். 308 இடங்களோடு ஆட்சிக்கு வந்த ஜப்பான் ஜனநாயகக் கட்சியின் முன்வரிசையில் இருந்த யுகியோ ஹதோயாமா, ஒசாவா, கத்சுயா ஒகாதா மூவரும் 1993-இல் வெளியேறியவர்கள். அன்று விழுந்த விரிசல் பதினாறு ஆண்டு கழித்து இரண்டாவது கட்சியாக வளர்ந்து நின்றது.

அந்த இரண்டாவது கட்சி மூன்றே ஆண்டில் தானும் உடைந்தது. நுகர்வு வரியை உயர்த்தும் முடிவை எதிர்த்து 2012-இல் ஒசாவா மீண்டும் வெளியேறினார். டிசம்பரில் லிபரல் ஜனநாயகக் கட்சி 294 இடங்களோடு திரும்பியது. மக்கள் மனம் மாறி அதை வரவேற்றார்கள் என்று நினைக்க இடமில்லை. விகிதாசாரப் பிரிவில் தோற்ற 2009-இல் அது பெற்றது 1.88 கோடி வாக்குகள். வென்ற 2012-இல் பெற்றது 1.66 கோடி. வாக்குப்பதிவே 69 சதவீதத்திலிருந்து 59-க்கு இறங்கியிருந்தது. எதிரணி துண்டு துண்டாகக் கிடந்ததால், 300 ஒற்றைத் தொகுதிகளில் 43 சதவீத வாக்கு 237 இடங்களைத் தந்தது.

2023-இன் இறுதியில் பழைய நோயே மீண்டும் வெளிப்பட்டது. நிதி திரட்டும் விருந்துகளுக்கு இலக்குக்கு மேல் சீட்டு விற்ற உறுப்பினர்களுக்கு, கோஷ்டிகள் கணக்கில் காட்டாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவந்தன. பெரும்பாலான கோஷ்டிகள் கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வாக்காளர்கள் கட்சியை 465-இல் 191-க்கு இறக்கினார்கள்; கூட்டணியிலிருந்த கோமெய்தோவின் 24 சேர்த்தும் பெரும்பான்மை இல்லை. 2025 ஜூலையில் மேலவையிலும் பெரும்பான்மை போனது, அக்டோபரில் 26 ஆண்டுத் தோழமையை முறித்துக்கொண்டு கோமெய்தோவும் விலகியது. 1993-ஐவிட எண்ணிக்கை மோசம், கோபமும் குறைவில்லை. இருந்தும் பெயர் சொல்லத்தக்க எந்தக் குழுவும் கட்சியைவிட்டு வெளியே வரவில்லை. எதிர்க்கட்சிகளும் பிரதமர் பதவிக்கு ஒரே பெயரை முன்வைக்க உடன்படவில்லை. அக்டோபர் 21 அன்று, எதிர்க்கட்சிகளில் ஒன்றாக இருந்த இஷின் கட்சியின் ஆதரவோடு கீழவையில் 237 வாக்குகள் பெற்று, லிபரல் ஜனநாயகக் கட்சியின் சனாயே தகாய்ச்சி பிரதமரானார்.